பிளானட் எக்ஸ்: அறியாக் கோள்

நெப்டியூனுக்கு அப்பால் இருக்கலாம் என்று கருதப்பட்ட கோள்தான் 'பிளானட் எக்ஸ்'. அதைத் தமிழில் பத்தாவது கோள் என்று எழுதுபவர்கள் உண்டு. ரோமன் எண்ணில் எக்ஸ் பத்துதானே என்ற நினைப்பு. ஆனால் இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தபோது தெரிந்திருந்த கோள்களே எட்டுதான், பத்து எங்கிருந்து வரும்? இது அல்ஜீப்ரா எக்ஸ், அதாவது மதிப்புத் தெரியாதது.

பெயரைப் பரப்பியவர் அமெரிக்க வானியலாளர் பெர்சிவல் லோவெல். யுரேனஸின் பாதையில் தெரிந்த பிசகை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் 1846இல் நெப்டியூனைப் பிடித்தார்கள். அதன் பிறகும் கணக்கு முழுசாக ஒத்துவரவில்லை. இன்னொன்று இழுக்கிறது என்று முடிவுகட்டிய லோவெல், 1916இல் இறக்கும்வரை அதைத் தேடினார். அவர் அரிசோனாவில் நிறுவிய ஆய்வகத்தில் கிளைட் டாம்போ, 1930 ஜனவரி 23, 29 இரவுகளில் மிதுன ராசிப் பக்கம் எடுத்த இரண்டு புகைப்படத் தகடுகளைக் கருவியில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார். விண்மீன்கள் நின்ற இடத்தில் நிற்க, மங்கலான ஒரு புள்ளி மட்டும் இங்கும் அங்கும் தாவியது. அதுதான் புளூட்டோ. ஆனால் அது நம் நிலவைவிடச் சிறியது. யுரேனஸை அசைக்கிற நிறை அதற்கு ஏது? அப்புறம் 1989இல் வாயேஜர் 2 விண்கலம் நெப்டியூனை நெருங்கியபோது கிடைத்த அதன் துல்லியமான நிறையைப் போட்டுப் பார்த்ததும் பிசகே மறைந்துவிட்டது. லோவெல் தேடியது இல்லவே இல்லை.

இன்று தேடுவது வேறு. 2016இல் பாட்டிகின், பிரவுன் என்ற வானியலாளர்கள் இருவரும் நெப்டியூனுக்கு அப்பாலுள்ள செட்னா போன்ற தொலைதூரப் பொருள்களின் பாதைகள் ஒரே பக்கமாக நீண்டு கிடப்பதைக் காட்டி, பூமியைப் போல் பல மடங்கு நிறையுள்ள கோள் ஒன்று இருக்கலாம் என்றார்கள். அதற்குப் பெயர் 'பிளானட் நைன்'. தமிழில் 'ஒன்பதாம் கோள்', சிக்கலே இல்லை. தொலைநோக்கிகள் துழாவிய திசைகளால் வந்த தோற்றம்தான் இது என்று மறுப்பவர்களும் உண்டு.

கோள் என்பது 'கொள்' என்ற வினையிலிருந்து வந்த பழைய சொல். விண்மீனை நாள்மீன், கோளைக் கோள்மீன் என்று சங்கப் பாடல்களே பிரித்துச் சொல்கின்றன. 'கருதுகோள்' என்பதில் இருப்பதும் அதே 'கொள்'தான். ஒன்பதாம் கோள் இதுவரை அந்த வகைக் கோள்!

சரி, பிளானட் எக்ஸ்? 'மறைகோள்' என்று சொல்லிப் பார்க்கலாம், காதுக்கு இனிமைதான். ஆனால் கோள் அங்கே ஒளிந்திருக்கிறது என்று அது முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறது. 'அறியாக் கோள்' அப்படி எதையும் வாக்குத் தருவதில்லை. லோவெலின் வரலாற்றைச் சொல்லும்போது மட்டும் 'எக்ஸ் கோள்' என்று அவர் வைத்தபடியே விட்டுவிடலாம்.