குடிவந்தாயிற்று, வாய் திறப்பது எப்போது?

வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறி, ஊர் மொழியில் வாய் திறக்காதவர்களில் போன வாரம் இன்னொரு கேஸ். ஸ்பெயினின் அலிகாந்தே மாகாணத்தில் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மலைக்கிராமம். பணி ஓய்வுக்குப் பிறகு இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய ஒரு பெரியவர். கண் ஆபரேஷன் தேதி மாறியதைச் சொல்ல மருத்துவமனையிலிருந்து திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஸ்பானிஷ் குரல் கேட்டதும், யாரோ மின்சார கம்பெனி விற்பனைக்காரர் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் ஃபோனை வைத்திருக்கிறார். தேதி கைவிட்டுப் போனது. அப்புறம்தான் மொழிபெயர்ப்பாளரான எனக்கு ஆள் அனுப்புகிறார்கள்.

இப்படிப்பட்டவர்கள் சோம்பேறிகளாக இருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிச்சல் வராது. பெரியவர் ஃபோனில் மொழிப் பயிற்சி ஆப் வைத்து தினமும் விடாமல் செய்கிறார். வினைச்சொல் வாய்ப்பாடெல்லாம் மனப்பாடம். ஆனால் ரொட்டிக் கடையில் விரலை நீட்டிக் காட்டித்தான் வாங்குகிறார். கேட்டால், "முதலில் ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறேன், அப்புறம் பேசுகிறேன்" என்கிறார். இதே பதிலை எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அந்த 'அப்புறம்' யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

ரொட்டிக் கடை அம்மாவுக்கு உங்கள் இலக்கணம் பற்றிக் கவலை இல்லை. உள்ளே வரும்போது வணக்கம் சொல்கிறீர்களா என்றுதான் ஊர் பார்க்கும். சுகாதார மையத்துக் காத்திருப்பு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் வரிசை என்று யாரும் நிற்பதில்லை. கதவைத் திறந்ததும் எல்லாருக்கும் பொதுவாக "புவெனொஸ் தியாஸ்" சொல்ல வேண்டும். அடுத்து "கியென் எஸ் எல் ஊல்திமொ?", அதாவது கடைசியாக வந்தது யார் என்று கேட்க வேண்டும். ஒரு பாட்டி கையைத் தூக்குவார். அவருக்கு அடுத்து நீங்கள். அவ்வளவுதான் விஷயம். இதைக் கேட்காமல் நேரே போய் முன்னால் நிற்பவரை 'மரியாதை தெரியாதவர்' என்கிறது ஊர். அவரோ ஊர்க்காரர்கள் முகம் கொடுக்கவில்லை என்று என்னிடம் வந்து புலம்புகிறார். ஒரே கடைக்கு, ஒரே நேரத்துக்கு, தினமும் போங்கள். தப்பாகவே கேளுங்கள். கடைக்காரம்மா அதையே சரியாகத் திருப்பிச் சொல்வார், காசில்லாத வகுப்பு.

இன்னொரு புகார்: "எங்களைப் பார்த்ததும் வேறு மொழிக்கு மாறிவிடுகிறார்கள்." மரினா அல்தா வட்டாரத்து ஊர்களில், ஷலோ ஆகட்டும் ஓர்பா ஆகட்டும், வீட்டிலும் தெருவிலும் பேசுவது வலென்சியன் என்ற இந்தப் பகுதி மொழி. நீங்கள் வருவதற்கு முன்பும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். உங்களிடம் ஸ்பானிஷில்தான் பேசுவார்கள். நீங்கள் வலென்சியனில் "பொன் தியா" என்று ஒரு வணக்கம் சொல்லிப் பாருங்கள், முகமே மாறும். இங்கிலீஷ் மட்டும் போதும் என்பவர்கள் இங்கிலீஷ்காரர்கள் நிறைந்த கடற்கரை ஊரான பெனிதோர்மில் வீடு பார்க்கலாம். தப்பே இல்லை.

2022 ஆகஸ்டில் இதே மாகாணத்தில் வால் டெபோ பக்கம் காட்டுத்தீ பரவியபோது ஊர் ஊராக ஜனங்களை வெளியேற்றினார்கள். அப்படி ஒரு நாளில் உங்கள் கதவைத் தட்டப்போவது பக்கத்து வீட்டுக்காரர்தான். அவருக்கு உங்கள் பெயராவது தெரிந்திருக்க வேண்டாமா? ஊருக்கு வெளியே தோட்ட வீடு என்றால் தெருப் பெயரே இருக்காது, அந்தப் பகுதிக்கு 'பார்த்திதா' பெயர்தான் அடையாளம். அதை எழுதி ஃபோன் பக்கத்தில் ஒட்டுங்கள். அவசர உதவி எண்ணான 112-ல் ஆங்கிலம் பேசுபவர் கிடைத்தாலும் ஆம்புலன்ஸ் வழி கண்டுபிடித்து வர வேண்டுமே.

நகராட்சியின் குடியிருப்போர் பதிவான 'பத்ரோன்' சட்டப்படி கட்டாயம். அதிலுள்ள தலைக்கணக்கைப் பார்த்துத்தான் ஊருக்கு அரசுப் பணம் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்து நிரந்தரக் குடியிருப்பு அனுமதி இல்லாதவர்கள் இதை 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம்மவர்கள் இதைக் கோட்டைவிடாதீர்கள். 10 ஆண்டு இருந்து குடியுரிமை கேட்கும்போது 'ஏ2' என்ற அடிப்படை நிலை ஸ்பானிஷ் மொழித் தேர்வும் உண்டு.

ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை டாக்டர் அறைக்கு மொழிபெயர்க்கக் கூட்டிவராதீர்கள். அம்மாவின் பயாப்ஸி முடிவை அந்தக் குழந்தை வாயால் சொல்ல வைக்காதீர்கள்.

முதியோர் கல்விப் பள்ளிகளில் வெளிநாட்டவருக்கான ஸ்பானிஷ் வகுப்பு பல ஊர்களில் இருக்கிறது, இலவசமாகவோ சொற்பக் கட்டணத்திலோ. பெரும்பாலும் செப்டம்பரில் சேர்க்கை. ஊர் நகராட்சியில் இப்போதே விசாரியுங்கள். இடம் முடிந்துவிட்டது என்று அக்டோபரில் வந்து என்னிடம் சொல்லாதீர்கள்.