இன்கிஸாம்: ஃபத்தா–ஹமாஸ் பிளவைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அரபு நாளேடுகளில் 2007-க்குப் பிறகு 'அல்-இன்கிஸாம்' என்று மட்டும் எழுதினாலே எதைக் குறிக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் புரியும். காஸா ஹமாஸ் கையிலும், மேற்குக் கரையின் நகரங்கள் ஃபத்தா தலைமையிலான பாலஸ்தீன அதிகார சபையின் கையிலுமாக ஆட்சி இரண்டாகிப்போன நிலைதான் அது. தமிழ்ச் செய்திகளில் இதே நிலை ஒரு நாள் 'கோஷ்டி மோதல்' ஆகிறது, மறுநாள் 'உள்நாட்டுப் போர்' ஆகிறது, வேறொரு நாள் 'பாலஸ்தீனப் பிரிவினை' என்றுகூட வந்துவிடுகிறது. மூன்றும் பொருந்தாதவை. மூன்றாவது ஆபத்தானதும்கூட.

சொல்லின் வேர் க-ஸ-ம என்ற மூன்று மெய்கள். பங்கிடுதல், கூறுபோடுதல் என்பது அடிப்படைப் பொருள். பகுதி என்று பொருள்படும் 'கிஸ்ம்', பங்காக வாய்த்தது என்ற பொருளிலிருந்து விதி என்றாகிவிட்ட 'கிஸ்மத்' எல்லாம் இதே குடும்பம். இந்த வேரிலிருந்து பாலஸ்தீன அரசியலுக்கு வந்த பெரிய சொற்கள் இரண்டு. ஒன்று 'தக்ஸீம்'. 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபையின் 181-ஆம் தீர்மானம் பாலஸ்தீனத்தை இரு நாடுகளாகப் பிரிக்கப் பரிந்துரைத்ததே, அது தக்ஸீம். அதில் பிரிப்பவர் ஒருவர் இருக்கிறார், நிலம் பிரிக்கப்படுகிறது. மற்றொன்று இன்கிஸாம். அரபு இலக்கணத்தில் 'இன்ஃபிஆல்' வாய்பாட்டில் அமைந்த சொல் இது. செயல் தன்மேலேயே நிகழ்ந்ததாகக் காட்டும் வாய்பாடு. செய்தவர் யார் என்று சொல் காட்டிக்கொடுக்காது.

தமிழுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. பிரிந்தது தன்வினை, பிரித்தது பிறவினை. எனவே தக்ஸீமுக்குப் 'பிரிவினை' சரியாகப் பொருந்துகிறது. இந்தியப் பிரிவினைக்கும் அந்தச் சொல்லைத்தானே வைத்திருக்கிறோம். இன்கிஸாமுக்கும் அதையே எழுதினால், ஐ.நா. போட்ட கோட்டையும் பாலஸ்தீனர்களுக்குள் விழுந்த விரிசலையும் வாசகர் ஒன்றாக்கிக்கொள்வார். இன்கிஸாமுக்குப் 'பிளவு' பொருந்தும். 'பிள' என்ற வினைக்கு ஒரு சிறப்பு உண்டு. மரம் பிளந்தது என்றும் சொல்லலாம், மரத்தைப் பிளந்தான் என்றும் சொல்லலாம். பிளந்தது யார் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் நிற்கும் சொல் இங்கே தேவைப்படுகிறது. பாலஸ்தீனர்கள் இன்றுவரை வாதாடிக்கொண்டிருப்பதே அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

அந்த வாதத்துக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. 2007 ஜூனில் காஸாவில் நடந்ததை ஃபத்தா 'இன்கிலாப்' என்கிறது. நமக்கு 'இன்குலாப் ஜிந்தாபாத்' முழக்கத்தில் புரட்சியாகப் பழகிய அதே சொல்தான். உருதுவில் புரட்சி, இன்றைய அரபியில் ஆட்சிக் கவிழ்ப்பு. அதன் க-ல-ப வேருக்குப் புரட்டிப்போடுதல், தலைகீழாக்குதல் என்று பொருள் என்பதால், 'கவிழ்ப்பு' என்ற நம் சொல் வேர்ப்பொருளிலேயே ஒத்துப்போகிறது. தமிழ் முஸ்லிம்கள் இதயத்துக்குச் சொல்லும் 'கல்பு'வும் இந்த வேரே. ஹமாஸோ அதே நிகழ்வை 'ஹஸ்ம்' என்கிறது: இழுத்துக்கொண்டே போன ஒன்றை ஒரே வெட்டில் முடித்துவைத்தல். 'ஆயுத வழியில் முடித்துவைத்தல்' என்று விரித்து எழுதுவது நல்லது. செய்தியில் எந்தச் சொல் வருகிறது என்று பார்த்தாலே பேசுபவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் 'மோதல்' என்று மழுப்பினால் அந்தத் தகவல் தொலைந்துபோகும்.

அடுத்து, மோதிக்கொண்டவர்களை எப்படி அழைப்பது? அரபியில் 'ஃபஸாயில்', ஒருமை 'ஃபஸீல்'. வேர் ஃப-ஸ-ல, பிரித்தெடுத்தல். தாயிடமிருந்து பால்மறந்து பிரிந்த ஒட்டகக் கன்றுக்கும் பழைய அரபியில் ஃபஸீல் என்றே பெயர்; படையின் சிறு பிரிவுக்கும் அதே சொல். தமிழில் 'கோஷ்டி' எழுதுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது ஒரே கட்சிக்குள் பதவிக்காக முட்டிக்கொள்ளும் அணிகளுக்குத் தமிழ்நாட்டில் பழகிவிட்ட சொல். ஃபத்தாவும் ஹமாஸும் ஒரு கட்சியின் இரு அணிகள் அல்ல. ஃபத்தா 1950-களின் இறுதியில் யாசர் அரஃபாத்தும் தோழர்களும் தொடங்கியது. 1969-இல் அரஃபாத் பல அமைப்புகளின் கூட்டான பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் (பி.எல்.ஓ.) தலைவரானதிலிருந்து அதன் முதுகெலும்பு. ஹமாஸ் 1987 டிசம்பரில் இஸ்ரேலுக்கு எதிரான முதல் இன்திஃபாதா எழுச்சியோடு முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பின் காஸா கிளையிலிருந்து எழுந்தது. விடுதலை இயக்கத்தில் அது சேரவே இல்லை. இரண்டின் முழுப்பெயரும் 'ஹரகத்' என்று தொடங்குகிறது. ஹ-ர-க என்றால் அசைதல், இயங்குதல். ஈழத்தமிழில் ஆயுத அமைப்புகளுக்கு வழங்கிவரும் 'இயக்கம்' இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. 'எதிரெதிர் இயக்கங்கள்' என்று எழுதலாம், கோஷ்டி வேண்டாம்.

இனி பிளவின் காரணங்கள். சமயச்சார்பற்ற தேசியம் ஒருபுறம், இஸ்லாமிய அரசியல் மறுபுறம், அதனால் சண்டை என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். கொள்கை வேறுபாடு உண்மைதான். 1993-இல் இஸ்ரேலோடு ஏற்பட்ட ஆஸ்லோ உடன்பாட்டை ஃபத்தா ஏற்றது, ஹமாஸ் எதிர்த்தது. 1994 நவம்பர் 18 அன்று காஸா நகரின் பாலஸ்தீனப் பள்ளிவாசல் முன்பு அதிகார சபையின் காவல்படை சுட்டுப் பலர் இறந்தனர். 1996-இல் அதே சபையின் தடுப்புப் பாதுகாப்புப் படை ஹமாஸ்காரர்களைக் கூட்டம் கூட்டமாகச் சிறையில் தள்ளியது. அந்தச் சிறைக் காயங்கள் பின்னாளில் பழிவாங்கலாகத் திரும்பின. ஆனால் அத்தனை பகைக்குப் பிறகும் 2006 வரை முழு அளவிலான போர் மூளவில்லை. மூண்டதற்குக் காரணம், ஒரே அதிகார சபைக்கு இரண்டு தலைகளும், ஒவ்வொரு தலைக்கும் ஒரு படையும் அமைந்துபோனதே.

2003-இல் அமெரிக்க அழுத்தத்தால் அப்போதைய அதிபர் அரஃபாத்தின் அதிகாரத்தைக் குறைக்க அடிப்படைச் சட்டத்தைத் திருத்திப் பிரதமர் பதவியை உண்டாக்கினார்கள். படைகளுக்குத் தலைமைத் தளபதி அதிபர். ஆனால் உள்நாட்டுப் பாதுகாப்புக்குப் பொறுப்பு அமைச்சரவை. தேசியப் பாதுகாப்புப் படை, அதிபர் காவல்படை, பொது உளவுத்துறை ஆகியவை அதிபர் பக்கம். காவல்துறை, தடுப்புப் பாதுகாப்பு, குடிமைத் தற்காப்பு ஆகியவை உள்துறை அமைச்சர் பக்கம். இருவரும் ஒரே கட்சியாக இருக்கும்வரை இந்த ஏற்பாடு ஓடும். வெவ்வேறு கட்சியானால் யார் சொல் செல்லும் என்பதற்குச் சட்டத்தில் தெளிவான விடை இல்லை.

2006 ஜனவரி 25 சட்டமன்றத் தேர்தல் அந்த நிலையை உண்டாக்கியது. 132 இடங்களில் ஹமாஸுக்கு 74, ஃபத்தாவுக்கு 45. இந்த எண்களைப் பார்த்து மக்கள் அலையலையாக ஹமாஸுக்கு மாறினார்கள் என்று எழுதுவது தவறு. கட்சிக்கு வாக்களிக்கும் தேசியப் பட்டியலில் ஹமாஸ் ஏறத்தாழ 44 விழுக்காடும் ஃபத்தா 41 விழுக்காடும் பெற்றன. அந்த 66 இடங்களில் 29-க்கு 28 என்று கிட்டத்தட்டச் சமநிலை. மாவட்டத் தொகுதிகளின் 66 இடங்களில்தான் 45-க்கு 17 என்று ஃபத்தா சரிந்தது. அங்கே ஒரு தொகுதியில் எத்தனை இடமோ வாக்காளருக்கு அத்தனை வாக்கு. ஹமாஸ் கட்டுப்பாடாக அளவோடு வேட்பாளர்களை நிறுத்தியது. ஃபத்தாவிலோ சீட்டுக் கிடைக்காதவர்கள் சுயேச்சைகளாக நின்று வாக்கைச் சிதறடித்தார்கள். தோற்றது தங்கள் கொள்கை அல்ல, ஒழுங்கின்மைதான் என்று ஃபத்தாவினர் நம்ப இது இடம் கொடுத்தது. அதனாலேயே ஆட்சியை முழு மனதோடு ஒப்படைக்க அவர்கள் இணங்கவில்லை.

ஹமாஸின் இஸ்மாயில் ஹனியா தலைமையிலான அரசு 2006 மார்ச் இறுதியில் பதவியேற்றது. உள்துறை அமைச்சர் ஸயீத் ஸியாமின் கீழ் வரும் படைகளுக்கு ஃபத்தாவின் ரஷீத் அபூ ஷபாக்கை, அதே ஃபத்தாவைச் சேர்ந்த அதிபர் மஹ்மூத் அப்பாஸ் தலைவராக அமர்த்திவிட்டார். அமைச்சர் ஆணையிட்டாலும் அது படைவீரனை எட்டவில்லை. ஸியாம் அதற்கு மாற்றாக ஹமாஸ் ஆட்களைக் கொண்டு 'நிறைவேற்றுப் படை' என்ற புதிய படையை அமைத்தார். முதலில் சுமார் 3,000 பேர். மே மாதம் காஸா தெருக்களில் இறக்கினார். அது சட்டத்துக்குப் புறம்பானது என்றார் அப்பாஸ். அன்றிலிருந்து ஒரே தெருவின் இரு முனைகளிலும் அரசுப் படை என்று சொல்லிக்கொள்ளும் இரண்டு படைகள் துப்பாக்கியோடு நின்றன.

பணமும் நின்றுபோனது. வன்முறையைக் கைவிட வேண்டும், இஸ்ரேலை அங்கீகரிக்க வேண்டும், முந்தைய உடன்பாடுகளை ஏற்க வேண்டும் என்று அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ரஷ்யா, ஐ.நா. அடங்கிய நால்வர் குழு மூன்று நிபந்தனைகள் விதித்தது. ஹமாஸ் ஏற்கவில்லை, மேற்கத்திய நாடுகள் அரசுக்கு நேரடியாகத் தந்த உதவி நின்றது. 1994 பாரிஸ் நெறிமுறைப்படி அதிகார சபைக்காக இஸ்ரேல் வசூலித்துத் தரும் வரி மாதம் 5 முதல் 6 கோடி டாலர். இஸ்ரேல் அதையும் நிறுத்திவைத்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ஆயுதம் தாங்கியவர்கள். 2006 ஜூனில் ஃபத்தா சார்பான படையினர், மேற்குக் கரையில் அதிகார சபையின் இருப்பிடமான ரமல்லாவில் அரசுக் கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள். அக்டோபரில் சம்பளம் கேட்டுப் போராடிய படையினரை நிறைவேற்றுப் படை கலைக்கப்போய் உயிர்கள் பலியாயின. அமெரிக்க உதவி அதிபர் காவல்படைக்குப் போனது, ஈரானின் பணம் ஹமாஸுக்குப் போனது. இருபுறமும் வெளியிலிருந்து எண்ணெய் ஊற்றினார்கள் என்பதை மறைத்துவிட்டு இந்தப் பிளவை எழுதுவது பாலஸ்தீனர்களுக்குச் செய்யும் அநீதி.

2007 பிப்ரவரி 8-இல் மக்கா உடன்பாடு ஏற்பட்டது, மார்ச்சில் கூட்டு அரசும் அமைந்தது. உள்துறைக்கு இரு தரப்பையும் சாராத ஹானி அல்-கவாஸ்மி வந்தார். படைகளை ஒரே தலைமையின் கீழ்க் கொண்டுவர அவருக்கு அதிகாரம் தரப்படவில்லை. மே மாதமே விலகினார். பதவிகளைப் பங்கிட்ட உடன்பாடு துப்பாக்கிகளைத் தொடாமல் விட்டதுதான் அதன் ஓட்டை. ஜூன் 10 முதல் 15 வரை காஸாவில் போர். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிடிபட்டவர்களை உயர்ந்த கட்டடங்களிலிருந்து தள்ளிக் கொன்ற கொடுமை இரு தரப்பிலும் நடந்தது. ஜூன் 14-இல் அப்பாஸ் அரசைக் கலைத்து நெருக்கடி நிலை அறிவித்தார்; ஸலாம் ஃபய்யாத் பிரதமரானார். ஹனியா அதை ஏற்கவில்லை. அடிப்படைச் சட்டம் நெருக்கடி நிலைக்கு 30 நாள்தான் தருகிறது. நீட்டிக்கச் சட்டமன்றத்தில் மூன்றில் இரு பங்கு ஒப்புதல் வேண்டும். அவையோ கூட முடியாத நிலையில். பிளவு அங்கே நிலைத்தது.

இந்த ஆறு நாள் சண்டையை அரபியில் 'இக்திதால்' என்பார்கள். க-த-ல என்றால் கொல்லுதல். இந்த வாய்பாட்டில் ஒருவரையொருவர் கொன்றுகொள்ளுதல். 'உள்நாட்டுப் போர்' சரியாகாது. அதற்கு அரபியில் 'ஹர்ப் அஹ்லிய்யா' என்ற தனிச்சொல் இருக்கிறது, லெபனானில் 1975-இல் தொடங்கியதற்கு அதைத்தான் சொல்வார்கள். இக்திதாலுக்கு நெருங்கிய தமிழ் 'உட்கொலைச் சண்டை'. 1986-இல் புலிகள் டெலோவை அழித்தபோது ஈழத்தமிழர் பேச்சில் பரவிய 'சகோதரப் படுகொலை' உணர்வளவில் இன்னும் நெருக்கமானது. ஆனால் அதில் ஒரு தரப்பு கொல்லும், மறுதரப்பு மடியும் என்ற தொனி ஏறியிருக்கிறது. இருபுறமும் சுட்ட காஸாச் சண்டைக்கு அதைப் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஆகவே சண்டைக்கு ஒரு சொல், அதன்பின் நீளும் நிலைக்கு ஒரு சொல் என்று பிரித்து எழுத வேண்டும். சண்டை ஆறு நாள், பிளவு ஆண்டுக்கணக்கு. அது நீள்வதற்கும் சம்பளமே பெரிய காரணம். 2007-க்குப் பின் காஸாவில் இருந்த தன் ஊழியர்கள் ஹமாஸின் கீழ் வேலைக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு ரமல்லா அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. காலியான இடங்களில் ஹமாஸ் சுமார் 40,000 பேரை அமர்த்தியது. இந்த 40,000 பேருக்கு யார் சம்பளம் தருவது என்பதில்தான் இரு தரப்பும் மீண்டும் இணைய 2014 ஏப்ரலில் செய்த ஷாத்தி உடன்பாடு சிக்கியது.

இந்த உடன்பாடுகளுக்கு அரபியில் 'முஸாலஹா' என்று பெயர். 2011 கெய்ரோ, 2012 தோஹா, 2014 ஷாத்தி, 2017 கெய்ரோ, 2022 அல்ஜியர்ஸ், 2024 ஜூலையில் 14 இயக்கங்கள் கையெழுத்திட்ட பெய்ஜிங் அறிவிப்பு என்று வரிசை நீளம். 'சமரசம்' என்றால் கொள்கையை விட்டுக்கொடுத்தது போல ஒலிக்கிறது. 'இணக்க உடன்பாடு' போதும். 2017-க்குப் பிறகு 'தம்கீன்' என்ற இன்னொரு சொல்லும் செய்திகளில் அடிபட்டது: காஸாவின் வரி, எல்லைக் கடப்புகள், காவல் எல்லாம் முழுமையாகத் தன் கைக்கு வந்தாக வேண்டும் என்ற ரமல்லாவின் கோரிக்கை. 'முழு அதிகார ஒப்படைப்பு' என்று எழுதலாம். ஹமாஸ் அமைச்சகங்களைத் தர இசைந்தது, ஆயுதங்களைத் தர மறுத்தது.

2011 மார்ச் 15 அன்று காஸாவிலும் ரமல்லாவிலும் இளைஞர்கள் ஒரே முழக்கத்தோடு தெருவுக்கு வந்தார்கள்: 'அஷ்ஷஅப் யுரீத் இன்ஹா அல்-இன்கிஸாம்'. மக்கள் வேண்டுவது பிளவுக்கு முடிவு. அந்த முழக்கத்தில் இன்கிலாபும் இல்லை, ஹஸ்மும் இல்லை.