காலைல பிரஷர் இறங்குதா? ராத்திரி எவ்ளோ ஏறுதுன்னு பாருங்க

மயூர் விஹார்லேருந்து ஒரு மாமி கேட்டிருக்காங்க: பொண்ணு இங்கிலாந்துல லீட்ஸ்ல இருக்கா, வீட்டு ஹீட்டிங் பாய்லர்ல தினமும் காலைல பிரஷர் முள்ளு பூஜ்யத்துக்கு வந்துடுது, தண்ணி ஏத்தினா சரியாகுது, மறுநாள் திரும்ப அதே கதை, ஆனா வீட்டுக்குள்ள ஒரு சொட்டு ஈரம் இல்ல, அப்ப தண்ணி எங்கதான் போகுது?

நம்ம டெல்லி குளிருக்கு ரஜாயும் ரூம் ஹீட்டரும்தான், அதனால அந்த ஊர் ஏற்பாட்டை சட்டுனு சொல்லிடறேன். பாய்லர் தண்ணிய சூடாக்கும், பம்ப் அதை ரூம் ரூமா ரேடியேட்டர்ல சுத்தவிடும், அதே தண்ணி திரும்ப பாய்லருக்கே வரும், வெளில போக வழி கிடையாது. ஆறியிருக்கும்போது முள்ளு 1லேருந்து 1.5 பாருக்குள்ள நிக்கணும், பார்ங்கறது அழுத்தத்தை அளக்கற அலகு.

இப்ப பாருங்க, 100 லிட்டர் தண்ணிய 10 டிகிரிலேருந்து 70 டிகிரிக்கு சூடாக்கினா 102 லிட்டருக்கு மேல ஆயிடும். அந்த உபரி ரெண்டு லிட்டர் எங்க போகும்? தண்ணி லேசுல அமுங்காது, இடம் கொடுக்கலேன்னா ஏதாவது ஒண்ணு பிச்சுக்கும். அதுக்குத்தான் எக்ஸ்பான்ஷன் வெசல்னு ஒரு இரும்பு டப்பா, நிறைய வீட்ல பாய்லருக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும், நடுவுல ரப்பர் திரை, ஒரு பக்கம் தண்ணி, மறுபக்கம் அடைச்ச காத்து. 8 லிட்டர் டப்பால 1 பாருக்கு காத்து அடிச்சிருக்குன்னு வெச்சுக்கங்க, வெளிக்காத்தோட அழுத்தத்தையும் சேர்த்தா 2. ரெண்டு லிட்டர் தண்ணி உள்ள தள்ளினா காத்து 6 லிட்டரா சுருங்கும், 2ஐ 8ஆல பெருக்கி 6ஆல வகுங்க, 2.67 வரும், முள்ளு காட்டறது 1.67. எவ்ளோ சமத்து! காத்தோட இடம் எவ்ளோ மடங்கு சுருங்குதோ அவ்ளோ மடங்கு அழுத்தம் ஏறும்னு ராபர்ட் பாயில் 1662ல எழுதின விதி, நம்ம ஸ்கூல்ல மார்க்குக்கு கணக்கு போட வெச்சாங்களே தவிர இப்படி ஒரு டப்பாவை ஒருத்தரும் காட்டல, எனக்கு அதுல இன்னும் கோவம்தான்.

வருஷக்கணக்குல அந்தக் காத்து கசிஞ்சு போயிடும். அப்புறம் ராத்திரி பாய்லர் சூடானதும் முள்ளு சரசரன்னு 3 பாருக்கு ஏறும், ரிலீஃப் வால்வ் திறந்து சுவருக்கு வெளில நீட்டியிருக்கற செப்புக் குழாய் வழியா தண்ணியத் துப்பிடும், வெளியிலங்கறதால யாரும் கவனிக்க மாட்டாங்க. விடிஞ்சு ஆறினதும் மிச்சத் தண்ணி சுருங்கும், முள்ளு பூஜ்யம். ஏறினதாலதான் இறங்குது! நம்ம கீசர் சூடாகும்போது சேஃப்டி வால்வ் சொட்டறதும் தண்ணி விரியறதாலதான், தயவுசெஞ்சு அதை எம்-சீல் வெச்சு அடைச்சிடாதீங்க.

அதனால பொண்ணு முதல்ல அந்தக் குழாய் வாயில ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி வைக்கட்டும், காலைல பையில தண்ணி இருந்தா ஆள் கிடைச்சாச்சு. வெசல்ல கார் டயர்ல இருக்கற அதே மாதிரி வால்வ்தான், பின்னை அமுக்கினா தண்ணி வந்துச்சுன்னா ரப்பர் கிழிஞ்சிருக்கு, காத்தடிச்சு பிரயோஜனமில்ல. ஆனா பாய்லர் மூடியைத் திறக்கறதை அந்த ஊர்ல கேஸ் சேஃப்ங்கற கேஸ் வேலைக்காரங்க பட்டியல்ல பதிவு உள்ளவங்ககிட்டயே விட்டுடணும். சும்மா தினமும் தண்ணி ஏத்திட்டே இருக்கவும் கூடாது, புதுத் தண்ணியோட ஆக்சிஜனும் உள்ள போய் ரேடியேட்டர் உள்பக்கம் துருப்பிடிக்கும்.

பை காய்ஞ்சே இருந்து, சூடானாலும் முள்ளு ரொம்ப ஏறாம மெதுவா இறங்கிட்டே இருந்தா கதை வேற, எங்கயோ கசியுது. பாய்லரை அணைச்சு ஆறவிட்டு, அடியில ஹீட்டிங் பைப்ல இருக்கற ரெண்டு வால்வையும் ராத்திரி மூடிடணும். காலைல முள்ளு இறங்கியிருந்தா கோளாறு பாய்லருக்குள்ள, அப்படியே நின்னு வால்வைத் திறந்ததும் விழுந்துச்சுன்னா தரைக்கடி பைப்லயோ ரேடியேட்டர் மூட்டுலயோ தேடணும்.