பசிபிக்கைச் சுருக்கிய எஞ்சின்

1867 ஜனவரி 1 அன்று பசிபிக் மெயில் நிறுவனத்தின் ‘கொலராடோ’ என்னும் துடுப்புச் சக்கரக் கப்பல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹாங்காங் நோக்கிப் புறப்பட்டது. பசிபிக்கைக் கடந்து அமெரிக்காவையும் ஆசியாவையும் இணைக்கும் முறையான நீராவிக் கப்பல் போக்குவரத்து அன்றுதான் தொடங்கியது. அட்லாண்டிக்கை நீராவிக் கப்பல்கள் அதற்குச் சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கடக்கத் தொடங்கியிருந்தன. இந்தத் தாமதத்துக்கு முதற்காரணம் தூரம். யோகோகாமாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு மிகக் குறுகிய வழியில் போனாலும் சுமார் 4,500 கடல் மைல். நடுவே நிலக்கரி ஏற்றிக்கொள்ளத் துறைமுகம் கிடையாது. எனவே முழுப் பயணத்துக்குமான கரியைப் புறப்படும்போதே சுமந்தாக வேண்டும். கரி நிறைந்த இடத்தில் கட்டணம் செலுத்தும் பயணியைப் படுக்கவைக்க முடியாது.

பழைய எஞ்சின்கள் கரியை விழுங்கியதற்குக் காரணம் அவற்றின் ஒற்றை உருளையில் இருந்தது. உள்ளே வந்த நீராவி பிஸ்டனைத் தள்ளி விரியும்போது குளிர்கிறது. அதனுடன் உருளையின் சுவரும் குளிர்கிறது. அடுத்து நுழையும் சூடான ஆவியில் ஒரு பகுதி, வேலை ஏதும் செய்யாமலே அந்தச் சுவரில் பட்டு நீராகிவிடுகிறது. காம்பவுண்ட் எஞ்சினில் இந்த விரிவு இரண்டு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது: சிறிய உருளையில் பாதி விரிந்த ஆவி, பெரிய உருளைக்குள் சென்று மீண்டும் ஒரு பிஸ்டனைத் தள்ளும். ஒவ்வோர் உருளையிலும் வெப்ப ஏற்றத்தாழ்வு குறைவதால் வீணாகும் ஆவியும் குறைகிறது.

இதற்கு உயர் அழுத்தம் தேவை. கடல்நீரைக் காய்ச்சும் கொதிகலனில் அது இயலாது, ஏனெனில் உப்புகள் சுவரில் கெட்டியாகப் படிந்துவிடும். பயன்பட்ட ஆவியைக் கடல்நீருடன் கலக்காமல் குழாய்ச் சுவர் வழியே குளிர்வித்து, நன்னீராகவே கொதிகலனுக்குத் திருப்பி அனுப்பும் கண்டென்சர் இந்தத் தடையை நீக்கியது. என் பார்வையில், அதிகம் பேசப்படாத இந்தப் பாகமே காம்பவுண்ட் எஞ்சினுக்கு வழி திறந்தது.

பலனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு குதிரைத் திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 2 கிலோ கரி எரித்த இடத்தில் காம்பவுண்ட் எஞ்சின் 1 கிலோவில் நின்றது. 1,500 குதிரைத் திறனில் 20 நாள் ஓடும் கப்பலுக்கு இது 720 டன் சேமிப்பு. விடுபட்ட இடத்தில் சரக்கும், கீழ்த்தட்டில் அடுக்கடுக்கான படுக்கைகளும் வந்தன. குவாங்தொங் மாகாணத்துச் சீனத் தொழிலாளர்கள் அவற்றில்தான் நெருக்கியடித்துப் பயணம் செய்தார்கள். 1885 பிப்ரவரியில் ‘சிட்டி ஆஃப் டோக்கியோ’ 900க்கும் மேற்பட்ட ஜப்பானியரை ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்காக ஹொனலூலுவில் இறக்கியது.

1891இல் வந்த கனடிய பசிபிக் நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல்களில் ஆவி மூன்று கட்டங்களாக விரிந்தது. யோகோகாமா–வான்கூவர் பயணம் இரண்டு வாரத்துக்குள் அடங்கியது. உலக உருண்டையில் இரு துறைமுகங்களையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்தால் அது அலூஷியன் தீவுகளை நோக்கி வடக்கே வளையும். கப்பல்களும் அந்தப் பெருவட்டப் பாதையை ஒட்டியே சென்றன. சென்னை அன்பர்கள் திரட்டிய பணத்துடன் 1893 ஜூலையில் ‘எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா’வில் சென்ற விவேகானந்தர், கோடைக்காலத்திலும் கம்பளி உடையின்றிக் குளிரில் வாடியதற்கு இந்த வடிவியலும் ஒரு காரணம்.

வேகம் புதிய சிக்கலையும் கொண்டுவந்தது. பெரியம்மை தொற்றியபின் அறிகுறி தோன்ற ஏறத்தாழ 12 நாள்கள் ஆகும். மாதக்கணக்கில் ஊர்ந்த பாய்மரக் கப்பலில் நோய் நடுக்கடலிலேயே வெளிப்பட்டுவிடும். விரைவுக் கப்பலிலோ, நோய் தொற்றியவர் நலமானவராகவே கரை சேர முடியும். ஆகவே துறைமுகங்கள் தடுப்புக் காப்பு நிலையங்களை நாடின. 1891இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவில் திறக்கப்பட்ட நிலையத்தில், சந்தேகத்துக்குரிய கப்பல்களின் பயணிகள் தங்கவைக்கப்பட்டார்கள். அவர்களின் மூட்டை முடிச்சுகள் பெரிய இரும்பு அறைகளுக்குள் தள்ளப்பட்டு, அழுத்தமேற்றிய நீராவியால் கிருமி நீக்கம் செய்யப்பட்டன.