மரச்சீனி தட்டில்தான் இருந்தது

குலசேகரம் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு பிசியோதெரபி செய்யப் போய்க்கொண்டிருந்தேன். ரப்பர் பால் வெட்டும் வேலை பார்த்தவர், அறுபதைத் தாண்டியவர். மூளையின் வலப்பக்கத்தில் ஸ்ட்ரோக் வந்து இடது கையும் காலும் விழுந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஒருநாள் நான் நுழையும்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டின் வலப்பாதியில் இருந்த மீனையும் குழம்பையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "மரச்சீனி வைக்கல்லியா?" என்று மனைவியிடம் சத்தம் போட்டார். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்குதான்) அதே தட்டில்தான் இருந்தது, இடப்பாதியில், கை படாமல், ஆவி பறந்துகொண்டு. "பாத்தியளா சாரே, வேணும்னே செய்யாரு" என்று அந்த அக்கா கண்ணைத் துடைத்தார். நான் தட்டை மட்டும் அரைவட்டம் திருப்பி வைத்தேன். "இப்ப வச்சிருக்கா பாரு" என்று சொல்லிவிட்டு மீதியைச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

இது வேண்டுமென்று செய்வதில்லை. கண் கோளாறும் இல்லை, ஆனால் கண்ணாடி மாற்றிவிட்டு அப்புறம் என்னிடம் வந்தவர்கள் உண்டு. இதை இடப்புறப் புறக்கணிப்பு என்கிறோம். நம் முதுகுக்குப் பின்னால் தெரியாத இடத்தை நாம் 'காணவில்லை' என்று தேடுவோமா? அவருக்கு இடப்பக்கம் அப்படி ஆகிவிடுகிறது. தாடி பாதி மழிப்பார், வாசல் நிலையில் இடது தோள் இடிக்கும், இடப்பக்கம் நின்று பேசினால் பதில் வராது. உடனே வீட்டில், 'பாசம் விட்டுப்போச்சு' என்று சண்டை.

1978இல் பிசியாக், லுசாட்டி என்ற இத்தாலிய ஆய்வாளர்கள், இப்படிப்பட்ட நோயாளிகளை மிலான் நகரப் பேராலயச் சதுக்கத்தில் நிற்பதாக மனதில் நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வலப்பக்கக் கட்டடங்களே அவர்கள் வாயில் வந்தன. எதிர்முனையில் நிற்பதாக நினைக்கச் சொன்னதும், முதலில் விட்டவை வந்தன, சொன்னவை விட்டுப்போயின. நானும் நம்ம ஆளிடம் கேட்டுப் பார்த்தேன். தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் என்னென்ன கடை என்றால் டீக்கடையும் ரேஷன் கடையும் சொன்னார். வீட்டிலிருந்து தோட்டத்துக்குப் போவதாக நினைத்துச் சொல்லுங்கள் என்றேன். டீக்கடை போய்விட்டது, சைக்கிள் கடையும் குருசடியும் (சிலுவை வைத்த சின்னக் கோயில்) வந்தன. நாற்பது வருஷம் விடியுமுன் நடந்த வழி அது.

வலது மூளை அடிபட்டால்தான் இது இவ்வளவு பலமாக வருகிறது. பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம் இது: வலது மூளை இரண்டு பக்கத்தையும் கவனிக்கும், இடது மூளை முக்கியமாக வலப்பக்கத்தைத்தான். அதனால் வலது மூளை படுத்துவிட்டால் இடப்பக்கத்துக்கு ஆள் இல்லை. போதாததற்கு, தட்டிக் கேட்க எதிராளி இல்லாத இடது மூளை கவனத்தையெல்லாம் வலப்பக்கம் இழுத்துக்கொள்ளும். நல்ல ஆரோக்கியமாக இருப்பவரிடம்கூட ஒரு கோட்டைக் கொடுத்து நடுவில் புள்ளி வைக்கச் சொன்னால், பொதுவாகக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளித்தான் வைப்பார்.

கவனம் இப்படி ஒரு பக்கம் சாய்வதை வெளியிலிருந்து தள்ளிப் பார்க்கலாமா என்பதுதான் இப்போதைய ஆராய்ச்சி. உப்புநீரில் நனைத்த ஸ்பாஞ்சு வழியே தலையில் 1 அல்லது 2 மில்லிஆம்பியர் நேர்மின்னோட்டத்தைச் சுமார் 20 நிமிடம் விடுவார்கள். ஷாக் ட்ரீட்மென்ட் இல்லை, ஆள் பேசிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நரம்பணுக்களைக் கொஞ்சம் எளிதில் தூண்டப்படும்படியோ, அடங்கும்படியோ மாற்றுவதுதான் நோக்கம். இன்னொரு பக்கம் பாட்டு. 2008இல் பின்லாந்தில் 60 ஸ்ட்ரோக் நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், தினமும் பிடித்த பாட்டு கேட்டவர்களுக்குச் சொல் நினைவும் கவனமும் மற்றவர்களைவிட நன்றாகத் தேறின. 2009இல் வந்த இன்னொன்றில், பிடித்த பாட்டு ஓடும்போது நோயாளிகள் தாங்கள் புறக்கணிக்கும் பக்கத்தில் இருப்பதைக் கூடுதலாகக் கண்டுகொண்டார்கள். பிடிக்காத பாட்டுக்கு அந்தப் பலன் இல்லை. ஆனால் அது மூன்றே பேரிடம் செய்தது. இரண்டையும் சேர்த்து, சிறுமூளைமேல் மின்னோட்டமும் காதில் இசையுமாக, இத்தாலியில் 2015இல் ஆய்வு செய்திருக்கிறார்கள், அதுவும் ஆரோக்கியமானவர்களிடம். நம் வீட்டு நோயாளிக்கு இது வழக்கமான சிகிச்சை இல்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வேறொரு வீட்டில் வளைகுடாவிலிருந்து மருமகன் இப்படி மின்னோட்டம் விடும் ஒரு மெஷின் அனுப்பியிருந்தார், ஆன்லைனில் வாங்கியது. ஹெட்செட்டில் ஏதோ 'மூளையை எழுப்பும்' இசை. இடது கைதானே விழுந்தது என்று இடப்பக்கத் தலையிலேயே தூண்டும் மின்முனையை வைத்திருக்கிறார்கள். கணக்குப்படி, ஏற்கெனவே ஆட்டம் போடுகிற இடது மூளைக்கு இன்னும் உசுப்பல்! ஸ்பாஞ்சு காய்ந்துபோய், நெற்றியோரம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வெந்திருந்தது. நல்லவேளை, அதோடு போயிற்று. வலிப்பு வந்தவர், தலையில் உலோகம் உள்ளவர், மண்டையோட்டில் ஆபரேஷன் ஆனவர், பேஸ்மேக்கர் வைத்தவர், இவர்களிடம் இது விளையாட்டே இல்லை. நரம்பியல் டாக்டர் பார்த்து, பயிற்சி உள்ளவர் வைக்க வேண்டிய சாமான்.

பாட்டு அப்படியில்லை, இன்றைக்கே போடலாம். ஆனால் அவருக்குப் பிடித்த பாட்டு, உங்களுக்குப் பிடித்தது இல்லை (பக்திப் பாட்டுத்தான் போடுவோம் என்று பிடிவாதம் பிடிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்). நாள் முழுக்க அலறவிட வேண்டாம். பாட்டு ஓடும்போதே இடப்பக்கம் தேடும் பயிற்சியைச் செய்ய வையுங்கள்: தட்டின் இடது ஓரத்தை விரலால் தொட்டுவிட்டுச் சாப்பிடுவது, நாளிதழில் இடது ஓரம் சிவப்புக் கோடு போட்டு அதிலிருந்து வாசிப்பது. செல்போனையும் இடப்பக்கம் வைக்கலாம். ஆரம்பத்தில் எல்லாம் இடப்பக்கமே என்றால் எரிச்சல்படுவார், நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

ரப்பர் வெட்டுகாரருக்குப் பழைய மலையாள சினிமாப் பாட்டு. அக்கா செல்போனை முதலில் கால்மாட்டில் வைத்து, வாரத்துக்குச் சாண் கணக்கில் இடப்பக்கம் தள்ளினார். பாட்டால்தான் தேறினாரா, முதல் சில மாதங்களில் தானாகவே வரும் தேறலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டுமாக இருக்கலாம். ஒருநாள் பாட்டை மாற்றச் சொல்லிக்கொண்டே இடப்பக்கம் திரும்பியவர், அந்தச் சுவரில் தொங்கிய காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, மூணு நாளா தேதி கிழிக்கல்லியா?"