மறுக்கவும் இடம் கொடுக்கும் வேண்டுகோள்

பஸ் கட்டணத்துக்குச் சில்லறை கேட்டு முன்பின் தெரியாத ஒருவர் எதிரே வந்து நின்றால் எத்தனை பேர் கொடுப்பார்கள்? பிரான்சில் நிக்கோலா கெகென், அலெக்சாந்தர் பாஸ்கால் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, முடிவை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். வெறுமனே கேட்டபோது பத்துக்கு ஒருவர்தான் கொடுத்தார். "ஆனால் கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்" என்ற ஒரே வரியைக் கடைசியில் சேர்த்தபோது 47.5 சதவீதத்தினர் கொடுத்தார்கள். கொடுத்த தொகையும் ஏறத்தாழ இருமடங்கு.

முதலில் படித்தபோது இது எனக்குப் புதிராக இருந்தது. மற்றொரு ஆய்வைப் படித்ததும் புதிர் இன்னும் பெரிதாயிற்று. ஐந்து பேரிடம் ஒரு வினாப்படிவத்தை நிரப்பி வாங்க வேண்டும். அதற்கு எத்தனை பேரை அணுக வேண்டியிருக்கும்? பிரான்சிஸ் ஃபிளின், வனெசா லேக் 2008இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் சுமார் 20 பேர் என்று நினைத்தார்கள். களத்தில் இறங்கிக் கேட்டபோது 10 பேர் அளவிலேயே வேலை முடிந்துவிட்டது. கேட்பவர், தாம் அடுத்தவருக்குத் தரும் சிரமத்தை மட்டுமே எண்ணித் தயங்குகிறார். கேட்கப்படுபவருக்கோ முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்வது பெரும் சங்கடம்.

சங்கடம்தான் சம்மதத்தை வரவழைக்கிறது என்றால், மறுக்கலாம் என்று சொல்லி அதைப் போக்கியதும் சம்மதம் குறைய வேண்டும் அல்லவா? பெருகுகிறதே!

உளவியலாளர் ஜாக் பிரேம் 1966இல் முன்வைத்த கருத்து இங்கே உதவுகிறது. நம் விருப்பத்தை யாரோ பறிக்கிறார்கள் என்று தோன்றிய உடனே, அதை மீட்டுக்கொள்ளும் உந்துதல் மனத்தில் எழுகிறது. "கட்டாயம் செய்தே ஆக வேண்டும்" என்றால், செய்ய நினைத்திருந்தவருக்கும் கால் பின்வாங்குகிறது. முடிவு உங்களுடையது என்று சொல்லும்போது எதிர்த்து நிற்க எதுவும் இல்லை. உதவலாமா என்ற கேள்வி மட்டுமே மிஞ்சுகிறது. அந்த வரி ஒரு மரியாதை, அதனாலேயே வேலை செய்கிறது என்பது என் துணிபு. பிற்பாடு செய்ய வேண்டிய காரியங்களில் மட்டும் அதன் பலன் குறைவு என்று 2013இல் 42 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது.

சரி, காரணம் சொல்ல வேண்டுமா? எலன் லாங்கர் குழு 1978இல் வெளியிட்ட நகலெடுக்கும் இயந்திரச் சோதனையைப் பலரும் தவறாகவே மேற்கோள் காட்டுகிறார்கள். ஐந்து பக்கம் எடுக்க முந்திக்கொள்ளலாமா என்று காரணமின்றிக் கேட்டபோது 60 சதவீதத்தினர் வழிவிட்டார்கள். "அவசரம்" என்றபோது 94. "நகல் எடுக்க வேண்டியிருக்கிறது" என்ற பொருளற்ற காரணத்துக்கும் 93! எந்தக் காரணமும் போதும் என்று இதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். இருபது பக்கம் என்றதும் நிலைமை மாறியது: காரணமின்றி 24, வெற்றுக் காரணத்துக்கும் அதே 24, உண்மைக் காரணத்துக்கு 42. கேட்பது பெரிதானால் மனிதர்கள் உங்கள் காரணத்தை எடைபோடுகிறார்கள். தமிழுக்கு இதில் ஒரு வசதி உண்டு: "அவசரமாகப் போக வேண்டியிருப்பதால்" என்று காரணம் இயல்பாகவே முன்னால் வந்துவிடும், வேண்டுகோள் பின்னால் வரும்.

ஆனால் நம் அறிவிப்புப் பலகைகளைப் பாருங்கள். "தண்ணீர்த் தொட்டி தூய்மைப் பணிக்கு அனைவரும் ஒத்துழைப்பு நல்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." பணிவுக்குக் குறைவில்லை. யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இல்லை. எங்கள் குடியிருப்பில் இப்படி எழுதியபோது ஒருவரும் வரவில்லை. அடுத்த முறை நான் எழுதிய அறிவிப்பு இது:

"தொட்டியில் பாசி படிந்திருப்பதால் ஞாயிறு காலை 7 மணி முதல் 9 மணி வரை கழுவுகிறோம். வாளிகளை மாடிக்குத் தூக்க இரண்டு பேர் தேவை. உங்களுக்கு வேறு வேலை இருந்தால் வர வேண்டியதில்லை, குறையாக நினைக்க மாட்டோம்."

நான்கு பேர் வந்தார்கள்.