கரியைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள்

முட்டை வடிவச் செராமிக் பார்பிக்யூ அடுப்பு மதுரை மொட்டைமாடிகளுக்கும் வந்துவிட்டது. அதற்கென்றே ஆன்லைனில் விற்கும் விலையுயர்ந்த கரி தேவையில்லை என்பது என் கட்சி. திருப்புவனம் தாண்டி மானாமதுரை, பரமக்குடி, கமுதி என்று போனால் சீமைக் கருவேலத்தைக் கரியாக்கும் மூட்டங்கள் புகைந்துகொண்டிருக்கும். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்ன அதே மரம்தான். கரியாகிவிட்டால் அது தங்கம். ஆனால் பொறுக்கி எடுக்கத் தெரிய வேண்டும்.

விறகை அடுக்கி, வைக்கோலோ தழையோ போட்டு மூடி, ஈரமண்ணைப் பூசித் தீ வைப்பதுதான் மூட்டம். உள்ளே காற்று அரைகுறையாகவே போகும். அதனால் விறகில் ஒரு பகுதி எரிந்து சூடு கொடுக்க, மீதி எரியாமல் வேகிறது. 100 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது ஈரம் ஆவியாகிறது. ஆரம்பத்தில் வரும் கெட்டியான வெள்ளைப் புகையில் பெரும்பகுதி நீராவி. 200 டிகிரிக்கு மேல் மரத்தின் நார்ப்பொருட்கள் சிதையத் தொடங்கும். ஏறக்குறைய 280 டிகிரியில் ஒரு வேடிக்கை: சிதைவே வெப்பத்தை வெளிவிட ஆரம்பிக்கும், அப்புறம் சூடு தானாகவே ஏறும். தார், அசிட்டிக் அமிலம், மெத்தனால், எரிவாயுக்கள் எல்லாம் வெளியேறி, 400–500 டிகிரியில் பெரும்பாலும் கார்பன் மிஞ்சும். புகை மெலிந்து நீலம் பாய்ந்ததும் துளைகளை அடைத்து ஆறவிடுவார்கள். நாலைந்து கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரி கிடைத்தாலே நல்ல மூட்டம்.

அவசரப்பட்டு மூடினால் தார் உள்ளேயே தங்கிவிடும். அதைக் கண்டுபிடிக்கக் காதே போதும். முழுதாக வெந்த கரி விறைப்பானது. இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும், ஒடித்தால் உள்ளே பளபளக்கும். வேகாதது 'தொம்' என்னும், ஒடிக்கவே வராது, நடுவில் பழுப்பு தெரியும். எடைக்காகத் தண்ணீர் தெளித்த கரியும் மந்தமாகத்தான் ஒலிக்கும். அதை எரித்தால் சூட்டின் ஒரு பங்கு அந்த ஈரத்தைக் காயவைக்கவே போய்விடும்.

திறந்த அடுப்பில் இந்தக் குறையெல்லாம் அவ்வளவாகத் தெரியாது. காற்று தாராளமாக வருவதால் தார்ப்புகை எரிந்தோ பறந்தோ போய்விடும். செராமிக் அடுப்பு அப்படியில்லை. தடிமனான சுவர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கொஞ்சம் காற்றே போதும். கீழே உள்ள காற்றுக் கதவையும் உச்சியிலுள்ள காற்றுத் துளையின் மூடியையும் சற்றே திறந்து வைத்தால் மணிக்கணக்கில் 110 டிகிரியில் நிற்கும். அவ்வளவு குறைந்த காற்றில் அரைவேக்காட்டுக் கரி புகைந்துகொண்டே கிடக்கும். கறி கசக்கும்.

அதே காரணத்தால் துண்டுகளின் அளவும் முக்கியம். என்னைக் கேட்டால் எந்த மரம் என்பதைவிட இதுதான் முக்கியம். காற்று மேலே ஏறுவதே துண்டுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில்தான். தூள் விழுந்தால் அது அடைபடும். கைமுட்டி அளவுள்ள கட்டிகளை அடியில் போட்டு, சிறியதை மேலே பரப்புங்கள். மூட்டத்து மண் ஒட்டிய துண்டுகளை உதறிவிட்டுப் போடுங்கள். அந்த மண் எரியாது, அப்படியே சாம்பலோடு சேர்ந்து தட்டின் துளைகளை மூடும். சிரட்டைக் கரி நல்ல சூடு தரும், ஆனால் தட்டையான சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்றை மறிக்கும். கட்டைக் கரியோடு கலந்தால் சரி.

பட்டை ஒட்டிய கரி, ஈரக்கரி இரண்டும் பொரிந்து பொறி தெறிக்கும். உள்ளே மாட்டிக்கொண்ட ஆவி வெடித்துக்கொண்டு வெளியேறுவதுதான் காரணம். கரிப்பெட்டியில் இஸ்திரி போடுபவருக்கு ஒரு பொறி போதும், சட்டை ஓட்டையாகிவிடும். அதனால் பார்த்துப் பார்த்துத்தான் வாங்குவார். அவர் எங்கே வாங்குகிறார் என்று விசாரித்துப் பாருங்கள்.

பற்றவைத்ததும் கறியை வைத்துவிடாதீர்கள். நல்ல கரியிலும் கொஞ்சம் ஆவியாகும் பொருள் மிச்சமிருக்கும். வெள்ளைப் புகை அடங்கும்வரை பொறுங்கள். மணத்தைப் பற்றிய கவலை வேண்டாம், கங்கில் சொட்டும் கொழுப்பே அதில் பெரும்பங்கைக் கொடுத்துவிடும்.

சமையல் முடிந்ததும் இரண்டு வழிகளையும் மூடினால் கரி அணைந்துவிடும். அணையும் வரை நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும், அதனால் மழை வந்தாலும் அடுப்பை அறைக்குள் நகர்த்தக் கூடாது. மிஞ்சிய கரியின் புகை ஏற்கெனவே போய்விட்டது. அடுத்த முறை சாம்பலை உதறிவிட்டு, புதுக் கரியோடு சேர்த்துப் போடலாம்.